ஒரு விரலால் சாத்தும் கதவு

பதுளையில் எங்கள் கடைக்குக் கார் பார்க்க வந்தவர்களில் ஒருவர்கூட எஞ்சினைத் திறந்து பார்த்ததில்லை. பிரேக் எப்படிப் பிடிக்கும் என்று கேட்டதில்லை. எல்லாரும் நேரே போய்க் கதவைத் திறந்து, ஒருமுறை சாத்திப் பார்த்துவிட்டு, தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் நிற்பார்கள். இது வெள்ளைக்காரத் துரைமார் விட்டுப்போன வியாதி. ஊவாத் தோட்டங்களில் ஐம்பது வருஷமாக ஓடியவை துரைமாரின் இங்கிலீஷ் கார்கள்தான். அவற்றின் கதவைச் சாத்தினால் ‘டப்’ என்று அடங்கிப் போகும். அந்தச் சத்தம் வந்தால் நல்ல கார், ‘டங்’ என்று கேட்டால் தகரம். இதுதான் எங்கள் மலைநாட்டு மோட்டார் சாஸ்திரம். படித்த டொக்டரும் இதைத்தான் செய்தார், மரக்கறிக் கடைக்காரரும் இதைத்தான் செய்தார்.

கடை என் மச்சான் தாஸிமுடையது. எங்கள் பேச்சில் தாத்தா என்றால் அக்கா; என் தாத்தா லரீபாவைக் கட்டியவர். நான் ஸரூக், அந்தக் கடையின் பின்பக்கத்தில் தகடு தட்டி நெளிவெடுக்கும் டிங்கர் வேலை பார்த்தவன். இறக்குமதிக் கதவுகளை அரசாங்கம் திறந்துவிட்ட பிறகு கொழும்பில் கண்டவன் எல்லாம் கார் கொண்டுவந்து இறக்கினான். எழுபத்தொன்பதில் மச்சானும் ஒரு ஏஜென்சி எடுத்தார். காரின் பெயர் பெலோரா. அதுவரை தையல் மெஷினும் தண்ணீர்ப் பம்பும் செய்துகொண்டிருந்த ஒரு தூர தேசத்துக் கம்பனி, கார் என்று ஒன்றைச் செய்யத் தொடங்கி நாலு வருஷம் ஆகியிருந்தது. ஜப்பான் காரின் விலையில் பாதி. வர்ண விளம்பரப் புத்தகத்தில் பார்த்தால் அழகாகத்தான் இருந்தது.

முதல் கார் வந்து இறங்கியதும் நான் சீட்டில் இருப்பவரைக் கட்டும் வார் மாட்டும் துளைகளைப் பார்த்தேன். துளை இருந்தது, வார் இல்லை. முன்பக்கத் தகட்டைப் பெருவிரலால் அழுத்தினால் உள்ளே போய், எடுத்ததும் வெளியே வந்தது. மச்சானிடம் சொன்னேன். இந்த விலைக்குப் பீரங்கியா தருவான் என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

ஆனால் வந்தவர்கள் கதவைச் சாத்தினார்கள். ‘டங்’ என்றது. பிஸ்கட் டின்னைக் கீழே போட்டதுபோல கடை முழுக்கக் கேட்டது. பண்டாரவளையிலிருந்து வந்த ஒருவர் சிரித்தே விட்டார். மூன்று மாதம் ஒரு காரும் போகவில்லை. வெயிலிலும் மழையிலும் நாலு பெலோராக்கள் முற்றத்தில் நின்றன. ஒரு நாள் மச்சான் பின்பக்கம் வந்தார்.

“ஸரூக், வேற ஒண்டும் வேணாம். அந்தச் சத்தத்த மட்டும் சரியாக்கித் தா” என்றார்.

செய்து கொடுத்தேன். பெருமையாகத்தான் செய்தேன், இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. கதவின் உள்பலகையைக் கழற்றி, தாரில் தோய்த்த சாக்கை மடித்து அடைத்தேன். அது போதவில்லை. பழைய தேயிலைப் பெட்டிகளுக்குள் ஒட்டிவந்த ஈயத்தாளைப் பழைய இரும்புக் கடையில் நிறுத்து வாங்கிவந்து, தட்டி, அடுக்காக ஒட்டினேன். கதவு கனத்தது. சத்தமும் வந்தது. ஆனால் ஒரு கரைச்சல். கனத்த கதவு மெல்லிய கதவுத் தூணில் மோதித் துள்ளித் திரும்பி வந்தது. ஓங்கிச் சாத்தினால்தான் கொக்கி பிடித்தது. ஓங்கிச் சாத்தினால் துரை கார் மாதிரி எப்படி இருக்கும்? ஆகவே கொக்கியின் பல்லை அரத்தால் ராவினேன். கூர் போய் வழவழப்பானதும், ஒரு விரலால் தள்ளினால் போதும், கதவு தானாக நழுவிப் போய் ‘டப்’ என்று உட்கார்ந்தது. மச்சான் பத்துத் தடவை சாத்திப் பார்த்துவிட்டு என் முதுகில் தட்டினார். அன்று இரவு தாத்தா இனிப்புக்கு வட்டிலப்பம் செய்து தந்தாள்.

பல் தேய்ந்த கொக்கி எதைப் பிடிக்கும் என்று நான் யோசிக்கவில்லையா என்று கேட்டால், யோசித்தேன். பாரம் கூடிய கதவும் பிடி குறைந்த கொக்கியும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று ஒரு டிங்கருக்குத் தெரியாமல் இருக்குமா? யாரும் இடிபடப் போவதில்லை என்று எண்ணிக்கொண்டேன். எண்பதாம் வருஷம் முடியுமுன் பதினொரு கார் போயிற்று.

பதினோராவது காரை வாங்கியவர் பொன்னையா. பசறைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பெரியதுரையின் கார் டிரைவராக இருபத்திரண்டு வருஷம் இருந்தவர். தோட்டங்களை அரசாங்கம் எடுத்ததும் துரை கப்பலேறினார். புதிதாக வந்த மெனேஜர் ஜீப்பைத் தானே ஓட்டினார். பொன்னையாவைத் தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டப் போகச் சொன்னார்கள். வெள்ளை யூனிஃபோர்மும் தொப்பியும் போட்டவர் கத்தி பிடிப்பாரா? வேலையை விட்டு நின்றார். தோட்டத்து ஆட்களைப் பதுளை ஆஸ்பத்திரிக்கும் கல்யாணம் காட்சிக்கும் ஏற்றி இறக்க சொந்தமாக ஒரு ஹயர் கார் ஓட்டுவது என்று முடிவு செய்தார். சேமித்த காசும், மனைவி பெரியாயியின் காதிலும் கழுத்திலும் கிடந்ததும் அந்தக் காருக்குள் போயிற்று. மகள் ஜெயலெட்சுமி தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தாள். அவள்தான் பத்திரங்களை வாசித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடச் சொன்னாள்.

கார் வாங்க மூன்று பேரும் வந்திருந்தார்கள். பொன்னையா நேரே காரிடம் போனார். முன்கதவைத் திறந்தார், சாத்தினார். மறுபடி திறந்தார், சாத்தினார். அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். துரையின் காரை மறுபடி கண்டவர் மாதிரி நின்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. பெரியாயி பயந்து பயந்து இடதுபக்கக் கதவைப் பிடித்து ஓங்கிச் சாத்தப் போனாள். நான் ஓடிப்போய்த் தடுத்தேன். ஓங்கிச் சாத்தினால் உள்ளே அடைத்தது இடம்பெயர்ந்து ‘டங்’ வந்துவிடும் என்ற பயம் எனக்கு.

“ஓங்கி அடிக்க வேணாம் அம்மா. ஒரு விரலால தள்ளுங்க, போதும்” என்று தள்ளியும் காட்டினேன்.

“சரிங்க நானா” என்று, முஸ்லிம் ஆட்களை அண்ணனாகக் கூப்பிடும் வழக்கப்படி சொல்லிவிட்டு, அவள் ஆட்காட்டி விரலால் தள்ளிப் பார்த்துவிட்டு மகளைப் பார்த்துச் சிரித்தாள். தோட்டத்து வரிசைவீட்டு லயத்துக்குப் போனதும் அக்கம்பக்கத்துப் பெண்களுக்கெல்லாம் அதைச் செய்து காட்டியிருக்கிறாள். கொழுந்து பறித்துக் காய்ப்புக் காய்த்த விரல், அதால் ஒரு காரின் கதவைச் சாத்துவது அவளுக்குப் பெரிய காரியம். அந்த லயத்தில் எல்லாருக்கும் அது தெரிந்திருந்தது. பின்னால் அதுவே அவளுக்கு வினையாயிற்று.

எண்பத்தொன்றாம் வருஷம் தை மாதம், பொங்கல் முடிந்த கிழமை. ஜெயலெட்சுமிக்கு ஆசிரியர் பயிற்சிக்கு நேர்முகப் பரீட்சை, பதுளையில். தகப்பன்தான் காரில் கூட்டிக்கொண்டு புறப்பட்டார். பின்சீட்டில் ஆஸ்பத்திரிக்குப் போகிற மூன்று பேர். அவள் இடதுபக்கம் முன்சீட்டில் இருந்தாள். ஒரு கையில் சேர்ட்டிபிக்கேட் கட்டு, மறு கையில் சேலை மடிப்பு. ஆகவே தாய் வந்து கதவைச் சாத்தினாள். லயத்து வாசல்களில் நின்ற எல்லாரும் பார்த்தார்கள். ஒரு விரலால் தள்ளினாள்.

பசறை ரோட்டில் ஒரு முடக்கு வளைவில் எதிரே பஸ் வந்தது. பஸ் கொஞ்சம் நடுவில் வந்துவிட்டது. பொன்னையா ஹோர்ன் அடித்து, பிரேக் பிடித்து, அனேகமாக நின்றே விட்டார். அவர் ஓட்டத்தில் யாரும் குறை சொல்ல முடியாது. பஸ்ஸின் மூக்கு காரின் வலது பக்க முன்மூலையில் இடித்தது. அது ஓர் இடியே இல்லை. துரையின் காராக இருந்தால் பம்பர் நெளிந்திருக்கும், இறங்கி நின்று இரண்டு பேரும் சண்டை பிடித்திருப்பார்கள். பெலோராவின் முன்பக்கம் கதவுத் தூண்வரை கசங்கிப் போயிற்று. கார் அரைவட்டம் சுழன்றது. இடது கதவு திறந்துகொண்டது. பின்சீட்டில் இருந்தவர்களுக்கு ஒரு கீறல் இல்லை. பொன்னையாவுக்கு நெற்றியில் சின்னக் காயம். ஜெயலெட்சுமி வெளியே விழுந்து, ரோட்டோரத் தண்ணீர்க் கானின் கருங்கல் விளிம்பில் தலை பட்டு, அங்கேயே போய்விட்டாள். இருபத்துநாலு வயது.

பொலிஸ் நிலையத்தில் கார் நிறுத்த இடமில்லை. வாகனப் பரிசோதகர் வரும்வரை உங்கள் கடையில் கிடக்கட்டும் என்றார்கள். நான்தான் லொறியில் கட்டி இழுத்துவந்தேன். வந்ததும் முதலில் இடது கதவின் கொக்கியைப் பார்த்தேன். நான் ராவிய பல், கவ்வியிருந்த இடத்திலிருந்து வழுக்கி வந்த கோடு பளபளவென்று தெரிந்தது. உடையக்கூட இல்லை. நழுவிவிட்டது, அவ்வளவுதான். முற்றத்திலேயே உட்கார்ந்து வாந்தி எடுத்தேன்.

மச்சான் வந்து பார்த்தார். அவருக்கும் விளங்கிவிட்டது. கதவுக்குள் அடைத்ததை எல்லாம் எடுத்துவிட்டு, கடையில் நிற்கும் புதுக் காரிலிருந்து ராவாத கொக்கியைக் கழற்றி இதில் பூட்டச் சொன்னார். நான் முடியாது என்றேன். அவர் சத்தம் போடவில்லை. ராவியவன் நீதான், கொக்கியில் இருப்பது உன் அரத்தின் தடம், உள்ளே போகப் போவதும் நீதான் என்று அமைதியாக விளங்கப்படுத்தினார். லரீபா தாத்தா கதவு மறைவில் நின்று அழுதுகொண்டிருந்தாள். பூட்டினேன். பரிசோதகர் மறுநாள் வந்து, தேநீர் குடித்து, கதவை மூன்று தரம் சாத்திப் பார்த்தார். சாத்தும்போது ‘டங்’ என்றது. அவர் சிங்களவர், வேறு ஊர்க்காரர், அந்தச் சத்தம் அவருக்கு ஒன்றும் சொல்லவில்லை. கொக்கியில் பழுதில்லை, கதவு சரியாகச் சாத்தப்படாமல் இருந்திருக்க வேண்டும் என்று எழுதினார்.

மரண விசாரணையில் பொன்னையா வெள்ளை யூனிஃபோர்ம் போட்டுக்கொண்டு வந்திருந்தார். அதைப் பார்க்கவே எனக்குத் தாங்கவில்லை. லயத்திலிருந்து வந்த இரண்டு பேர், தாய் கதவை மெதுவாகத்தான் தள்ளினாள் என்று சாட்சி சொன்னார்கள். அவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, கண்டதைச் சொன்னார்கள். பிறகு பெரியாயியைக் கூப்பிட்டார்கள். ஏன் அழுத்திச் சாத்தவில்லை என்று விசாரணை அதிகாரி கேட்டதை ஒருவர் தமிழில் சொன்னார். அவள் கையை நீட்டி என்னைக் காட்டினாள்.

“இந்த நானா தாங்க சொல்லிக் குடுத்தாரு. ஓங்கிச் சாத்த வேணாம், ஒரு வெரலே போதும்னாரு.”

அதிகாரி என்னை எழுந்து நிற்கச் சொன்னார். அப்படிச் சொன்னீரா என்று கேட்டார். மச்சான் எனக்குப் பின்னால் இருந்தார். அவர் என்னைத் தொடவும் இல்லை, இருமவும் இல்லை. யார்மேலும் பழி போட எனக்கு வழியில்லை. நானாகத்தான் சொன்னேன்.

“இல்ல சேர். எல்லாக் காரையும் போலத்தான். நல்லா அழுத்திச் சாத்தணும் எண்டுதான் எல்லாருக்கும் சொல்றது.”

பெரியாயி என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் பரவாயில்லை. நான் சொன்னது சரியாகக் காதில் விழவில்லை என்பதுபோல, இன்னொரு தரம் சொல்லச் சொல்வதுபோலப் பார்த்தாள். பொன்னையா மெதுவாகத் திரும்பித் தன் மனைவியைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் இன்றுவரை மறக்கவில்லை. பஸ் டிரைவருக்கு வழக்குப் போட்டார்கள். மரணத்துக்குக் காரணம், கதவு சரியாகச் சாத்தப்படாமை என்று எழுதிக் கையெழுத்தானது.

பிறகு மச்சான் மற்றப் பத்துக் கார்க்காரர்களுக்கும் கடிதம் போட்டார். இலவச சேர்விஸ், கதவுகளைச் சரிபார்த்துத் தரப்படும் என்று. எட்டுப் பேர் வந்தார்கள். எல்லாக் கார்களிலும் நானே கொக்கியை மாற்றி, அடைத்ததைப் பிடுங்கி எறிந்தேன். அவர்களில் பாதிப்பேர் அடுத்த கிழமையே திரும்பி வந்து, சேர்விசுக்குப் பிறகு கதவு தகரச் சத்தம் போடுகிறது, பழையபடி ஆக்கித் தா என்று சண்டை பிடித்தார்கள். மற்ற இரண்டு கார்களும் எங்கே ஓடுகின்றன என்று தெரியாது. இப்போதும் ரோட்டில் பெலோராவைக் கண்டால் நின்று அதன் கதவைத்தான் பார்ப்பேன்.

நான் அந்தக் கடையை விட்டு வந்து அப்புத்தளையில் ஒரு கராஜில் சேர்ந்தேன். என்னை நல்லவன் என்று யாரும் நினைக்க வேண்டாம். வாயைத் திறக்காமல்தான் வந்தேன். எண்பத்து மூன்றில் ஒரு நாள், பசறையிலிருந்து வந்த லொறிக்காரன் பேச்சுவாக்கில் சொன்னான். தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பும் ஒப்பந்தத்தில் பொன்னையாவுக்கும் பாஸ்போர்ட் வந்துவிட்டது, வெள்ளிக்கிழமை காலை ரயிலில் போகிறார்கள் என்று. அந்த வீட்டு நிலைமையையும் சொன்னான். அவர் இரண்டு வருஷமாக மனைவியோடு நேராகப் பேசுவதில்லை. சாப்பாடு வேண்டுமென்றால் பொதுவாகச் சுவரைப் பார்த்துக் கேட்பார். லயத்தில் யாராவது கதவைப் பற்றிப் பேச்செடுத்தால் மட்டும், இவள் கொன்று போட்டாள் என்று சத்தமாகச் சொல்வார். நல்லது கெட்டதுக்கு அவளை யாரும் முன்னால் கூப்பிடுவதில்லை. நான் வியாழக்கிழமையே பதுளைக்குப் போய்ப் பள்ளிவாசலில் படுத்துக்கொண்டேன்.

ஸ்டேஷனில் ஒரே அழுகை. போகிறவர்களைவிட வழியனுப்ப வந்தவர்கள் அதிகம். தகரப் பெட்டிகள், பாய்ச் சுருள்கள், கட்டிப்பிடித்துக்கொண்டு ஒப்பாரி வைக்கும் பெண்கள். பெரியாயியைக் கட்டிக்கொண்டு அழ ஒருவரும் இல்லை. ரயில் பெட்டிக்குப் பக்கத்தில் தனியே நின்றாள். பொன்னையா உள்ளே ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். நான் அவள் முன்னால் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். ஈயத்தாள், அரம், மாற்றிப் பூட்டிய கொக்கி, ஒன்றையும் விடவில்லை. உங்கள் கை ஒரு பாவமும் செய்யவில்லை அம்மா என்றேன். சொல்லும்போது நான் அழுதேன். அவள் அழவில்லை.

“எனக்குத் தெரியாததா நானா? சொல்லிக் குடுத்த ஆளே இல்லன்னு சொன்னப்பவே ஏதோ இருக்குன்னு தெரிஞ்சிச்சு” என்றாள். பிறகு ஜன்னலைக் காட்டி, “அவருக்குச் சொல்லுங்க. அவரு கேக்கட்டும்” என்றாள்.

பெட்டிக்குள் ஏறி அவர் எதிரில் உட்கார்ந்து மறுபடி முதலிலிருந்து சொன்னேன். முடித்ததும், அவர் என் முழங்காலைத் தட்டிக் கொடுத்தார். சின்னப் பிள்ளையைத் தேற்றுவதுபோல.

“நானா, நான் இருவத்திரெண்டு வருசம் தொரை காரு ஓட்டுனவன். கதவச் சாத்திப் பாத்தாலே காரு எப்பிடின்னு எனக்குத் தெரியும். அது நல்ல காரு, நானே பாத்து வாங்குனது. நீங்க எரக்கப்பட்டு அவளுக்காகப் பொய் சொல்றீங்க. கோர்ட்டுல எழுதிக் குடுத்த கடுதாசி எங்கிட்ட இருக்கு” என்றார்.

தகரப் பெட்டியைத் திறந்து, துணிகளுக்கு அடியிலிருந்து அதை எடுத்தே காட்டினார். கண்ணாடித்தாள் உறையில் போட்டு வைத்திருந்தார். நான் சத்தியம் செய்தேன். குர்ஆன்மீது என்றேன். அவர் அந்தக் கடதாசியில் கையெழுத்திருந்த இடத்தைத் திரும்பத் திரும்ப விரலால் தொட்டுக் காட்டினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. கார் தகரம் என்று ஒத்துக்கொண்டால், அந்தத் தகரத்தைப் பொறுக்கி எடுத்து மகளை அதில் ஏற்றியது அவர்தான் என்றாகிவிடும். அவரால் அதோடு உயிர் வாழ முடியாது. மனைவி கொன்றாள் என்றால் வாழலாம்.

கீழே இறங்கினேன். அவள் எல்லாவற்றையும் ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டிருக்கிறாள். மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் அதைக் கேட்க நிற்கவில்லை. கூடையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு, எந்தக் கோபமும் இல்லாமல் சொன்னாள்.

“அன்னைக்கு அவுங்க கேட்டப்ப சொல்லியிருந்தீங்கன்னா, இத எழுதியிருப்பாங்க நானா. எழுதியிருந்தா அவரு நம்பியிருப்பாரு. இனிமே யாரு வந்து சொன்னாலும் எனக்கு ஆகப்போறது ஒண்ணுமில்ல. நான் அவரோடதானே போகணும்.”

படியேறி உள்ளே போனாள். அவர் கடதாசியை மடித்து வைத்துக்கொண்டிருந்தார். அவள் பக்கத்தில் உட்கார்ந்ததும், அவர் எழுந்து எதிர்ச் சீட்டுக்கு மாறிக்கொண்டார்.